ஹைமாவதியின் வாராந்திர ஓய்வு

ஹைமாவதி தூங்கி எழுந்து முப்பத்து மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. முந்தின நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தவள். இப்போது முலகவலசா காவல் நிலையத்தின் சுவர்க் கடிகாரம் மதியம் இரண்டு நாற்பது காட்டியது. நடுவில் தாளம்மதல்லி அம்மன் திருவிழா அவளை ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி அரைப் பகல் என்று கோயில் வாசலில் தடுப்புக் கட்டையோடு கட்டையாக நிற்க வைத்திருந்தது.

திருவிழாக் காவலுக்குப் போகும் பெண் போலீஸ் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். லட்சம் பேர் கூடும் அந்த மைதானத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. இரண்டு நாளில் அவள் குடித்தது மொத்தம் ஒரு லிட்டர் இருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கால் இருக்கிறதா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அன்று அவளுக்கு வாராந்திர ஓய்வு நாள்.

பட்டியலில் அப்படித்தான் இருந்தது. பட்டியலை எழுதியவளும் அவள்தான். தலைமைக் காவலர், நிலையத்தின் எழுத்தர். மூன்று வருடத்துக்கு முன் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. போலீஸ்காரர்கள் ஓய்வில்லாமல் உழைத்து, அந்த எரிச்சலை ஜனங்கள் மேல் காட்டுகிறார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் கட்டாய ஓய்வு. நல்ல உத்தரவு. நிலையத்தில் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் உத்தரவு வந்ததே தவிர ஆள் வரவில்லை. நாற்பத்திரண்டு பேர் இருக்க வேண்டிய நிலையத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். மூன்றாவது வாரமே ஓய்வு காகிதத்தோடு நின்றுபோனது. மேலே நூறு சதவீதம் கேட்டார்கள். ஹைமாவதி ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்து நூறு சதவீதம் எழுதி அனுப்பினாள்.

அதில் ஒரு வசதியும் இருந்தது. ஓய்வில் இருப்பவர் பெயரில் எந்த வேலையும் எழுதியிருக்காது. ஆகவே அவரை எந்த வேலைக்கும் அனுப்பலாம். அமைச்சர் வண்டிக்கு முன்னால் ஓட, கோர்ட்டுக்குக் கைதி கொண்டுபோக, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நிற்க. கான்ஸ்டபிள் அப்பலசாமி தன் ஓய்வு நாளில் லத்தியை எடுத்துக்கொண்டு வேனில் ஏறும்போதெல்லாம், "அக்கா, நான் வீட்ல படுத்துத் தூங்கறேன், எழுப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதற்கும் ஆகவில்லை.

கோயில் வாசலில் இருந்தவளை எஸ்.ஐ. திரிநாத ராவ் நிலையத்துக்குக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. பெண்ணைப் பெண்தான் விசாரிக்க வேண்டும். நிலையத்தில் பெண் போலீஸ் இரண்டே பேர். இளையவள் மௌனிகா தரிசன வரிசையில் நின்றாள். மீதி ஹைமாவதி.

ஜில்லா பரிஷத் என்னும் மாவட்ட ஊராட்சியின் சேர்மனுடைய மைத்துனி கழுத்திலிருந்த சங்கிலி கூட்டத்தில் காணாமல் போயிருந்தது. அறுத்துவிட்டார்கள் என்று அந்த அம்மாள் கத்தியதும் ஜனங்கள் அறுக்கும் பொருளைத் தேடினார்கள். பத்தடி தள்ளி ஒருத்தி கூடையோடு உட்கார்ந்து நுங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் அரிவாள். அவ்வளவு போதுமாக இருந்தது. அவளைத் தூக்கி, கொண்டையைப் பிடித்து நிலையம் வரை நடத்திக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஜனங்கள் மறுபடி சாமி பார்க்கப் போய்விட்டார்கள்.

பெயர் சன்யாசம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். மகளிர் உதவி அறையில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். ரோஜா நிறச் சுவர். "உங்கள் சகோதரி இங்கே இருக்கிறாள்" என்று ஒரு சுவரொட்டி. நிலையத்தில் மற்ற இடமெல்லாம் கேமரா உண்டு, அந்த அறையில் மட்டும் கிடையாது. புருஷன் அடித்தான், மாமன் கையைப் பிடித்தான் என்று சொல்ல வரும் பெண்கள் கூச்சமில்லாமல் பேசட்டும் என்று விட்டது.

ஹைமாவதி கேட்டாள். சன்யாசம்மா பதில் சொன்னாள். "எனக்குத் தெரியாது தாயி. நான் நுங்கு வெட்டிக்கிட்டிருந்தேன்." கூட யார் வந்தார்கள், சங்கிலியை யாரிடம் கொடுத்தாள், எந்த ஊர்க்காரர்கள் என்று மாற்றி மாற்றிக் கேட்டாலும் அதே இரண்டு வாக்கியம். அதே குரல், அதே இழுப்பு. ஹைமாவதிக்குத் தெரிந்த கேள்விகள் அத்தோடு தீர்ந்தன. பயிற்சிக் கல்லூரியில் ஒன்பது மாதம் இருந்தவள். வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு என்பதற்கு நூற்றுக்கணக்கான மணி நேரம். விசாரிப்பது எப்படி என்பதற்கு ஒரே ஒரு மதியம். அணிவகுப்பு முடிந்து சாப்பாடும் முடிந்த நேரம் அது. வகுப்பே தூங்கியது.

திரிநாத ராவ் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். அவருக்கும் கண் சிவந்திருந்தது. "சேர்மன் வீட்டுலேர்ந்து ஒன்பதாவது தடவை கூப்பிட்டாச்சு அம்மா. நாலு மணிக்குள்ள எதையாவது சொல்லணும். என் நிலைமையைப் பாருங்க" என்றார். அடிக்கச் சொல்லவில்லை. அப்படி யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கதவை மூடிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் அவர் கைபேசி பத்தாவது தடவை அடித்தது.

"எனக்குத் தெரியாது தாயி. நான் நுங்கு..."

கை போனது. போன பிறகுதான் போனது என்று ஹைமாவதிக்குத் தெரிந்தது. கோபம் என்று சொல்ல எதுவும் இல்லை. அந்த இரண்டு வாக்கியமும் நிற்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். விரித்த உள்ளங்கை சன்யாசம்மாவின் இடது காதை மொத்தமாக மூடி விழுந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. யாரோ வெளியிலிருந்து கூப்பிட்டது போல வாசல் பக்கம் பார்த்தாள்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. ஹைமாவதிக்கு அது இதமாக இருந்தது. பின்னால் அவளைத் தின்றது அடி கூட இல்லை, அந்த இதம்தான்.

மூன்றரைக்குச் சங்கிலி கிடைத்துவிட்டது. காரின் பின் இருக்கையில், கொக்கி கழன்று கிடந்ததாம். சேர்மன் வீட்டிலிருந்து ஓட்டுநர் வந்து சொல்லிவிட்டுப் போனான். திரிநாத ராவ் தன் கையாலேயே சன்யாசம்மாவுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கூட்டத்தில் இதெல்லாம் சகஜம், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று அனுப்பினார். அவளைக் கூட்டி வந்ததாகவும் எழுதவில்லை, விட்டதாகவும் எழுதவில்லை. ஹைமாவதி ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சீருடையோடு படுத்தாள்.

*

ஐந்தாம் நாள் அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு சீட்டு வந்தது. அடிதடி என்று யார் வந்தாலும் டாக்டர் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குச் சீட்டு அனுப்ப வேண்டும். நிலையத்துக்கு வரும் காகிதத்தைப் பிரித்துப் பதிவது எழுத்தரின் வேலை. ஆகவே சீட்டு ஹைமாவதியின் மேஜைக்கே வந்தது.

சன்யாசம்மா, பெண், வயது 46. இடது செவிப்பறை கிழிந்துள்ளது. சீழ் வைத்துள்ளது. கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்துள்ளது. காரணம்: காவல் நிலையத்தில் பெண் போலீஸ் ஒருவர் கையால் அடித்ததாக நோயாளி கூறுகிறார்.

ஹைமாவதி விலங்கியல் படித்தவள். காதின் படம் வரைந்து பாகம் குறிக்கும் கேள்விக்கு அவளுக்கு முழு மதிப்பெண் வந்திருக்கிறது. செவிப்பறையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. உள்ளங்கை காதை மூடி விழும்போது உள்ளே அடைபடும் காற்றுக்குப் போக வழி இல்லை. இதெல்லாம் ஞாபகம் வந்தது. சீட்டைப் பதிவு செய்யாமல் எடுத்துப்போய் எஸ்.ஐ. மேஜையில் வைத்தாள். அவர் படித்துவிட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். யார் என்று கேட்கவில்லை. அவர் கேட்காததற்கு அவள் மனதுக்குள் நன்றி சொன்னாள். அந்த நன்றியோடு அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அந்தச் சீட்டு கண்ணாடிக்கு அடியிலேயே மட்கிப்போயிருக்கும். ஆனால் சன்யாசம்மாவின் ஊர் மகளிர் குழுத் தலைவி ரத்னாலு சும்மா இருக்கிறவள் இல்லை. திங்கட்கிழமை மனு நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கே போய்விட்டாள். டி.எஸ்.பி. ஜகந்நாயகுலு விசாரிக்க உத்தரவானது. வியாழக்கிழமை காலை பதினோரு மணி.

திரிநாத ராவ் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த விஷயம், அந்த விஷயம் என்றே பேசினார். அதற்கு வேறு பெயர் அங்கே யாரும் வைக்கவில்லை. விஷயம் எளிது என்றார். அந்த நேரத்தில் நிலையத்தில் பெண் போலீஸே இல்லை. மௌனிகா கோயில் வரிசையில் நின்றாள், புகைப்படம் இருக்கிறது. ஹைமாவதிக்கு வாராந்திர ஓய்வு, பட்டியல் இருக்கிறது. அடித்தது கூட்டம். கொண்டையைப் பிடித்து இழுத்து வந்தவர்கள் காதில் அடிக்காமலா விட்டிருப்பார்கள்? ஹைமாவதி அன்று வீட்டில்தான் இருந்தாள் என்று அவள் புருஷன் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் முடிந்தது.

பிறகு எல்லோரும் போனதும் அவளை மட்டும் நிறுத்தினார். இரத்த அழுத்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் தேடினார். "நான் கெட்டவனா சொல்லுங்க, ஹைமாவதி காரு. பத்தொன்பது பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? பட்டியல் பொய்னு தெரிஞ்சா முதல்ல போறது அதை எழுதினவங்க வேலை. அப்புறம் என் வேலை. வீட்ல ஒரு பொண்ணு படிக்குது இல்ல?" என்றார். பெயரோடு மரியாதையாகக் காரு சேர்த்துத்தான் சொன்னார், மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

வெளியே அப்பலசாமி ஜீப்பில் சாய்ந்து நின்றான். "அக்கா, நீங்க ஏதாவது உளறினா நம்ம லீவெல்லாம் போயிடும்" என்றான்.

"இல்லாத லீவு எப்படிடா போகும்?"

"இருக்கற மாதிரியாவது இருக்கு இல்ல" என்றான். அவன் இந்தத் தடவை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மௌனிகா அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். வேலைக்கு வந்து பதினான்கு மாதம் ஆன பெண். பஸ் வந்து நின்றபோதுதான் வாயைத் திறந்தாள். "அன்னிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தா நான் அடிச்சிருப்பேன் அக்கா. அதை நினைச்சுத்தான் எனக்குப் பயமா இருக்கு." ஹைமாவதி படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். நடத்துனர் ஏறுங்கம்மா என்றார்.

*

புதன்கிழமை மாலை கொண்டல ராவ் கூடத்தில் உட்கார்ந்து புளிச்சகீரை ஆய்ந்துகொண்டிருந்தான். ஹைமாவதியின் புருஷன், அரசு பஸ் ஓட்டுநர். அவனுக்கு மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். மகள் தேஜஸ்வினி உள்ளே நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எஸ்.ஐ. கொடுத்தனுப்பிய தட்டச்சுக் காகிதத்தை அவன் இரண்டு தடவை படித்தான். என் மனைவி அன்று காலை முதல் மாலை வரை வீட்டில் ஓய்வில் இருந்தார்.

"நான் நாலு மணிக்கு மாவு அரைக்க மெஷினுக்குப் போனேன். நீ இல்லைன்னு அங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றான்.

"அவங்களை யாரும் கேக்க மாட்டாங்க."

"அந்தம்மாவை யாரு அடிச்சது?"

ஹைமாவதி கீரைக் காம்புகளைத் தள்ளி ஒரு பக்கம் ஒதுக்கினாள். "தெரியல. கூட்டத்துல யாரோ" என்றாள்.

பதினேழு வருடக் குடித்தனத்தில் அவள் அவனிடம் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எங்க டிப்போல நேத்து ஒருத்தன் ரெண்டாவது டூட்டிக்கு ஏறப் பார்த்தான். மேனேஜர் கீழே இறக்கிட்டார். எட்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டினா பஸ்ஸு புளியமரத்துக்குப் போகும்னு கவர்மெண்டுக்குத் தெரியுது. அம்பது பேர் ஒரே நேரத்துல செத்தா பேப்பர்ல வரும். உங்க விஷயத்துல ஒவ்வொருத்தரா அடிபடறாங்க, அதனால தெரியல போல."

"ஒரு காதுதான்" என்றாள் ஹைமாவதி.

அவன் கீரை ஆய்வதை நிறுத்தினான். ஏதோ கேட்கப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றே பிறகு நினைத்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போடட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

"போடுங்க."

போட்டான். உள்ளேயிருந்து மகள், அம்மா, பசிக்குது என்றாள்.

*

டி.எஸ்.பி. ஜகந்நாயகுலு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அவர் அறைச் சுவரில், வாராந்திர ஓய்வை நூறு சதவீதம் அமல்படுத்திய உட்கோட்டம் என்று சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் தொங்கியது. ஒவ்வொரு வாரமும் ஹைமாவதி எழுதி அனுப்பும் பட்டியல்களின் அடியில் இருப்பது அவர் கையெழுத்துதான். மனுஷர் நல்லவர் என்று பெயர். எந்த மனுதாரரையும் அவர் நிற்க வைத்துப் பேசியதில்லை.

சன்யாசம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் இடது காதில் பஞ்சு இருந்தது. யார் பேசினாலும் முகத்தை இடப்பக்கம் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். அப்படித் திருப்பும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்க முடியாமல் கண் சுவருக்குப் போனது. பக்கத்தில் ரத்னாலு மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். மேஜைக்கு மறுபக்கம், டி.எஸ்.பி.யை ஒட்டி ஹைமாவதியும் மௌனிகாவும் நின்றார்கள். திரிநாத ராவ் ஓரமாக நின்றார். டி.எஸ்.பி. அலுவலக எழுத்தர் கணினி முன் இருந்தார்.

டி.எஸ்.பி. கேட்டதற்கு சன்யாசம்மா நடந்ததைச் சொன்னாள். கூட்டி இல்லை, குறைத்து இல்லை. நுங்கு வெட்டிக்கொண்டிருந்தது, இழுத்து வந்தது, ரோஜா நிற அறை, ஒரு அடி. டீ கொடுத்ததையும் விடாமல் சொன்னாள். பிஸ்கட் இரண்டு என்றாள்.

"அடிச்சவங்க இந்த ரூம்ல இருக்காங்களா?"

சன்யாசம்மா ஒரு தடவைதான் பார்த்தாள். கையை நீட்டி ஹைமாவதியைக் காட்டினாள்.

டி.எஸ்.பி. பெருமூச்சு விட்டு ஒரு கோப்பைத் திறந்தார். பட்டியலைத் திருப்பி, விரலை வைத்து, ரத்னாலுவுக்குத் தெரியும்படி நீட்டினார். அன்றைய தேதி. தலைமைக் காவலர் ஹைமாவதி, வாராந்திர ஓய்வு. அடுத்த காகிதம், புருஷனின் கையெழுத்து. இந்தம்மா அன்னிக்கு ஸ்டேஷன்லயே இல்லை என்று பொறுமையாகச் சொன்னார்.

ரத்னாலு விடவில்லை. "அடி வாங்கினவளுக்கு முகம் தெரியாதா சார்? காகிதத்துக்குத் தெரியுமா?" என்றாள்.

"பதிவேடு இருக்கே அம்மா. நான் அதை வெச்சுத்தான் எழுத முடியும்." குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். ஊழியர் மேல் பொய்ப் புகார் என்று முடிந்தால் அது மனு கொடுத்தவருக்கே தொந்தரவாகும் என்றும், தான் அதை விரும்பவில்லை என்றும் சொன்னார். அது உண்மையும்தான். கூட்டத்தில் யாரோ அடித்தார்கள், வெயில், பயம், ஆள் மாறிவிட்டது என்று எழுதி முடித்துக்கொள்ளலாம். காதுக்கு வைத்தியம் பார்க்கத் தானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவதாகச் சொன்னார்.

ரத்னாலு அதையெல்லாம் சன்யாசம்மாவின் வலது காதில் உரக்கச் சொன்னாள். சன்யாசம்மா கேட்டுக்கொண்டாள். பட்டியலைப் பார்த்தாள், படிக்கத் தெரியாதவள், இருந்தாலும் வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஹைமாவதியைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த உறுதி கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை ஹைமாவதி பார்த்துக்கொண்டு நின்றாள். பிழிந்த துணியிலிருந்து தண்ணீர் இறங்குவது போல.

"அவ்வளவு பெரிய புஸ்தகத்துல எழுதியிருக்குன்னா..." என்றாள் சன்யாசம்மா. "எனக்குத் தலையே சுத்திக்கிட்டிருந்துச்சு அன்னிக்கு. வேற யாரோ போல இருக்கு." ஹைமாவதியை நோக்கிக் கை கூப்பினாள். "தப்பா காட்டிட்டேன் தாயி. உனக்கும் புள்ளகுட்டி இருக்கும். மனசுல வெச்சுக்காதே."

ரத்னாலு தலையில் அடித்துக்கொண்டாள். எழுத்தர் தட்டச்சு செய்தார். மனுதாரர் தாமே தவறாக அடையாளம் காட்டியதாக ஒப்புக்கொண்டார். அச்சு இயந்திரம் காகிதத்தைத் துப்பியது. எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து சன்யாசம்மாவின் இடது கைக் கட்டைவிரலைப் பிடித்தார். அவள் விரலை ஒப்புக் கொடுத்தாள், எங்கே வைக்க வேண்டும் என்று பார்த்தபடி.

"சார்" என்றாள் ஹைமாவதி.

எல்லோரும் திரும்பினார்கள். ஓரத்திலிருந்து திரிநாத ராவ் மெல்ல, "ஹைமாவதி காரு" என்றார். கெஞ்சுவது போல இருந்தது.

"அன்னிக்கு நான் வீட்ல இல்ல சார். ஸ்டேஷன்ல இருந்தேன். என் வீட்டுக்காரர் கையெழுத்தும் பொய், நான் போடச் சொன்னேன்." குரல் பக்கத்து மேஜைக்குக் கேட்கும் அளவில்தான் வந்தது. "பட்டியல் நான் எழுதறது. நூத்தி அம்பத்தாறு வாரம் எழுதியிருக்கேன். முதல் ரெண்டு வாரத்தை விட்டா அதுல ஒரு லீவு கூட நிஜமில்ல. அன்னிக்கு நான் தூங்கி எழுந்து முப்பத்து மூணு மணி நேரம் ஆகியிருந்துச்சு. அது ஒரு சாக்கு இல்ல, தெரியும். ஆனா எழுதிக்குங்க."

எழுத்தர் எழுதவில்லை. சன்யாசம்மாவின் விரல் மையோடு அந்தரத்தில் நின்றது.

ஜகந்நாயகுலு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் சதை தொங்கியது. "இது யார் கையெழுத்துன்னு தெரியுமா அம்மா, அடியில?"

"தெரியும் சார்."

"எனக்கு எட்டு மாசம் இருக்கு."

"தெரியும் சார்."

ஜன்னலுக்குக் கீழே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. அவர் தகப்பன் பேசுவது போலப் பேசினார். "சரி. ஸ்டேஷன்ல இருந்தீங்க. பட்டியல் தப்பு. அதுக்குத் துறையில ஒரு விசாரணை வரும், ஒரு இன்கிரிமெண்ட் போகும். ஆனா ஸ்டேஷன்ல இருந்தது வேற, அந்த விஷயம் வேற. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னா அது கேஸு. உங்க பொண்ணு வரைக்கும் போகும். அதனால இத்தோட நிறுத்திக்கலாம். நான் கேக்கல, நீங்க சொல்லல."

அது தயவுதான். திரிநாத ராவ் சீட்டைக் கண்ணாடிக்கு அடியில் செருகியதும் அதே தயவுதான்.

சன்யாசம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஆகிவிட்டது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பி வலது காதை மேஜைப் பக்கம் கொடுத்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்று ரத்னாலுவைக் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல. அந்த அம்மா என்ன சொல்லுச்சு?"

ரத்னாலுவும் ஹைமாவதியைத்தான் பார்த்தாள்.

ஹைமாவதி மேஜையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். டி.எஸ்.பி. நாற்காலியைத் தாண்ட வேண்டியிருந்தது. அவர் காலை இழுத்துக்கொண்டார். சன்யாசம்மாவின் வலது பக்கம் வந்து குனிந்தாள். பக்கத்தில் வந்ததும் சன்யாசம்மாவின் தோள் தானாகப் பின்வாங்கியது. அதைப் பார்த்தபின் ஹைமாவதி அதற்கு மேல் குனியாமல் இருந்த இடத்திலேயே நின்று, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"நீ சரியாத்தான் காட்டினே. உன்னை அடிச்சது நான்தான்."